ஸ்விட்சை மாற்றினால் இசை மாறுமா?

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது. வரவேற்பறையில் ஒரு ஸ்ட்ரீமரும் (நெட்வொர்க் வழியாக இசையை வாங்கித் தரும் கருவி) தனி டிஏசியும் (இசையின் எண்களை ஒலிக்கான மின்சமிக்ஞையாக மாற்றும் கருவி) இருக்கின்றன. ரௌட்டர் வேறு அறையில் இருப்பதால் நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கருவிகளைக் கம்பியால் ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) வைக்க வேண்டியிருக்கிறது. ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கும் சாதாரண கிகாபிட் ஸ்விட்ச், அலுவலகங்களில் கழித்துக்கட்டப்பட்டு மலிவாக விற்பனைக்கு வரும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960, இசைப் பிரியர்களுக்கென்றே தயாரிக்கப்படும் அப்டோன் ஈதர்ரீஜென் போன்ற விலையுயர்ந்த ஸ்விட்ச் ஆகிய மூன்றில் எதை வாங்கினால் ஒலி மேம்படும்?

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சால் இசையின் எண்களை மாற்ற முடியாது. அந்த எண்கள் ஒலியாக மாறும் நேரத்தையும் மாற்ற முடியாது. ஸ்விட்சிலிருந்து புறப்பட்டு உங்கள் ஆம்ப்ளிஃபயர் வரை போய்ச் சேரக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: செம்புக் கம்பி வழியாக வரும் மின் இரைச்சல். அது உங்கள் வீட்டில் உண்மையிலேயே வருகிறதா என்பதைக் காசு செலவில்லாமல் சோதித்துவிடலாம். வருவதாகவே தெரிந்தாலும், அதைத் தடுக்க விலையுயர்ந்த ஸ்விட்ச் சிறந்த வழி அல்ல.

எண்களில் தொடங்குவோம். சி.டி. தரத்தில் உள்ள பாடல் நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு சேனல்கள் என்ற கணக்கில் நொடிக்கு 14,11,200 பிட் ஆகிறது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பும் நொடிக்கு 92 லட்சம் பிட்டைத்தான் தாண்டுகிறது; கிகாபிட் இணைப்போ நொடிக்கு 100 கோடி பிட்டைச் சுமக்கும். ஆகவே வேகத்தைப் பற்றிக் கவலைப்பட இடமே இல்லை. விய்ம் ப்ரோ போன்ற பரவலான ஸ்ட்ரீமர்களில் 100 மெகாபிட் ஈதர்நெட் (கம்பிவழி நெட்வொர்க்) போர்ட் மட்டுமே இருப்பதும் இதனால்தான். அது தயாரிப்பாளரின் கஞ்சத்தனம் அல்ல, தேவை அவ்வளவுதான். பிழையைப் பொறுத்தவரை, ஃபிரேம் எனப்படும் ஒவ்வொரு ஈதர்நெட் தரவுப் பொட்டலத்தின் முடிவிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கிறது. வழியில் ஒரு பிட் புரண்டாலும் கணக்கு ஒத்துவராது, அந்த ஃபிரேம் முழுவதும் தூக்கி எறியப்படும், டி.சி.பி. நெறிமுறை அதை மறுபடியும் கேட்டு வாங்கும். கேட்டும் கிடைக்காமல் போனால் பாட்டு நிற்கும், அல்லது விட்டு விட்டு ஒலிக்கும். பாஸ் இறுக்கமாவதும், பாடகரின் குரல் ஓரடி முன்னால் வருவதும், வயலினில் இனிமை கூடுவதும் நெட்வொர்க் பிழையால் விளையக்கூடியவை அல்ல. அப்படி விளைய வேண்டுமென்றால், புரளும் பிட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒலிப்பதிவுப் பொறியாளரைப் போலத் திட்டமிட்டுப் புரள வேண்டும்.

நேரத்தைப் பற்றிய வாதம் இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. ஆடியோவில் கிளாக்கின், அதாவது மாதிரிகளுக்குத் தாளம் தரும் மின்கடிகாரத்தின், துல்லியம் முக்கியம் என்பது உண்மை. எஸ்பிடிஃப் எனப்படும் டிஜிட்டல் இணைப்பில் இசைத் தரவும் அதன் கிளாக்கும் ஒரே கம்பியில் சேர்ந்தே பயணிக்கின்றன. அங்கே அனுப்பும் கருவியின் ஜிட்டர் (தாளத்தில் உண்டாகும் நுண்ணிய தடுமாற்றம்) வாங்கும் கருவியைப் பாதிக்கக்கூடும். சி.டி. பிளேயர் காலத்தில் பிறந்த அந்த நியாயமான அச்சத்தை அப்படியே ஈதர்நெட்டுக்கு எடுத்துவந்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஈதர்நெட் கம்பியில் இசையின் நேரம் பயணிப்பதே இல்லை. சுருக்கப்படாத சி.டி. தர இசை ஒரு நொடிக்கு 1,76,400 பைட், அதாவது ஏறத்தாழ 120 பாக்கெட்டுகள். கிகாபிட் கம்பியில் ஒரு முழு பாக்கெட் கடக்க சுமார் 12 மைக்ரோநொடி ஆகும். ஆக, ஒரு நொடி இசை முழுவதும் ஒன்றரை மில்லிநொடிக்குள் வந்து இறங்கிவிடுகிறது. மீதி நேரம் முழுவதும் கம்பியில் இசை என்று எதுவும் இல்லை. வந்தவை ஸ்ட்ரீமரின் நினைவகத்தில் குவிந்து காத்திருக்கின்றன. அங்கிருந்து அவற்றை ஒழுங்கான தாளத்தில் எடுப்பது டிஏசியின் பக்கத்தில் இருக்கும் 22.5792 அல்லது 24.576 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். முன்னது 44.1 கிலோஹெர்ட்ஸின் 512 மடங்கு, பின்னது 48 கிலோஹெர்ட்ஸின் 512 மடங்கு. ஸ்விட்சில் இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கும் இவற்றுக்கும் எந்த உறவும் இல்லை. ஈதர்நெட் தரநிலையே கிளாக்கில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை விலகலை அனுமதிக்கிறது. ஒவ்வொரு கருவியும் தன் கிரிஸ்டலின் போக்கில் ஓடினாலும் தரவு சேதமில்லாமல் போய்ச் சேரும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஸ்விட்சுக்கு வெளியிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் மாஸ்டர் கிளாக் ஒன்றை இணைக்கச் சொல்லி விற்பவர்களிடம், அந்தத் துல்லியம் எந்தப் புள்ளியில் டிஏசியின் கிரிஸ்டலைத் தொடுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்கு அவர்களில் அறிவார்ந்தவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தரவு மாறுவதில்லை என்பதை அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஸ்விட்சின் கிளாக்கில் உள்ள கட்ட இரைச்சல் (துடிப்பின் நுண்ணிய நடுக்கம்) அதன் வெளியீட்டு மின்துடிப்புகளில் படிகிறது; ஸ்ட்ரீமருக்குள் இருக்கும் ஈதர்நெட் சிப் அதை வாங்கும்போது அங்குள்ள கிரவுண்டில் (மின்சுற்றின் பொதுவான பூஜ்ய வோல்டேஜ் புள்ளியில்) சிறு சலனம் உண்டாகிறது; அது டிஏசியின் கிளாக்கை லேசாகக் குலுக்குகிறது என்பது அவர்கள் வாதம். 2019-இல் 640 டாலருக்கு வெளிவந்த ஈதர்ரீஜென் இந்தக் கருத்தின் மேல்தான் கட்டப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் நான்கு கிகாபிட் போர்ட்டுகளும் ஓர் எஸ்.எஃப்.பி. துளையும் (ஃபைபர் இணைப்புக்கான மாட்யூலைச் செருகும் இடம்) இருக்கின்றன, இரு பக்கங்களையும் மின்சார ரீதியாகப் பிரிக்கும் அகழி ஒன்றைக் கடந்து மறுபக்கத்தில், ஸ்ட்ரீமருக்கென்று ஒற்றை 100 மெகாபிட் போர்ட் இருக்கிறது. பொறியியலாகப் பார்த்தால் கவனமாகச் செய்யப்பட்ட பெட்டிதான். ஆனால் இந்த வாதம் உண்மையானால் அதன் விளைவு டிஏசியின் அனலாக் வெளியீட்டில் தெரிந்தே ஆக வேண்டும். ஏனெனில் காதுக்குப் போய்ச் சேருவது அது மட்டும்தான். டிஏசியின் கிளாக் குலுங்கினால் அதைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே ஜே-டெஸ்ட் என்ற சோதனைச் சமிக்ஞை இருக்கிறது: 44.1 கிலோஹெர்ட்ஸில் 11.025 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்றும், மிகக் கீழ்ப் பிட்டில் மெதுவான சதுர அலை ஒன்றும் சேர்ந்தது. குலுக்கல் இருந்தால் அந்தத் தொனியின் இருபுறமும் சிறு முள்கள் முளைக்கும். ஆடியோ சயன்ஸ் ரிவ்யூ தளம் ஈதர்ரீஜெனை வைத்தும் வைக்காமலும் டிஏசியின் வெளியீட்டை அளந்து பார்த்தபோது வேறுபாடு எதையும் காணவில்லை. காதால் கேட்க முடிகிற அளவைவிடப் பல மடங்கு சிறியதையும் இன்றைய அளவுக் கருவிகள் காட்டிவிடும் என்பதால், இதை நான் எடையுள்ள சான்றாகவே கொள்கிறேன்.

இனி உண்மையில் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஈதர்நெட் போர்ட் ஒவ்வொன்றிலும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. தரநிலையின்படி அவை 1,500 வோல்ட் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். ஆகவே இரண்டு கருவிகளுக்கு இடையே நேரடி மின் இணைப்பு இல்லை. ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் மையப் புள்ளிகள் வழக்கமாக 1,000 பிகோஃபாரட் அளவுள்ள ஒரு கெப்பாசிட்டர் வழியாகப் பெட்டியின் உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டரின் மின்மறுப்பு சுமார் 32 லட்சம் ஓம். 10 மெகாஹெர்ட்ஸில் வெறும் 16 ஓம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலுக்குக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. அடாப்டர்கள் உண்டாக்கும் உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு அது திறந்தே கிடக்கிறது. ஸ்விட்ச், ரௌட்டர் ஆகியவற்றுடன் வரும் இரண்டு முள் அடாப்டர்களில் எர்த் கிடையாது. அவற்றின் உட்பகுதியில் உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக ஒரு நுண்ணிய கசிவு மின்னோட்டம் எப்போதும் வெளியே வந்துகொண்டிருக்கும். இத்தகைய கருவியின் உலோகப் பெட்டியைப் புறங்கையால் தொடும்போது லேசாகச் சுர்ரென்று உணர்வது இதனால்தான். அந்தக் கசிவு பூமிக்குப் போக வழி தேடும். உங்கள் ஸ்ட்ரீமர், ஆர்.சி.ஏ. கேபிளின் உறை, எர்த் செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபயர் என்று அதற்கு ஒரு பாதை கிடைத்தால், அந்த உறையின் சிறு மின்தடையில் உண்டாகும் வோல்டேஜ் இசையுடன் கலந்துவிடும்.

இதைப் பெரிதாக்கும் ஒரு பொருளைப் பலர் கூடுதல் விலை கொடுத்தே வாங்குகிறார்கள். கேட் 7, கேட் 8 என்ற பெயரில் விற்கப்படும் உறையிட்ட கேபிள்களைத்தான் சொல்கிறேன். அவற்றின் உலோக உறை இரு முனைகளிலும் உலோகக் கனெக்டரில் இணைந்திருப்பதால், டிரான்ஸ்ஃபார்மர் பிரித்துவைத்த இரண்டு பெட்டிகளையும் அது மறுபடியும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. ஒருபுறம் மூன்று முள் பிளக்கின் வழியே எர்த் ஆன கேட்டலிஸ்ட், மறுபுறம் எர்த் ஆன ஆம்ப்ளிஃபயர், நடுவில் இந்த உறை என்று அமைந்தால் முழுமையான கிரவுண்ட் லூப் (எர்த் வழியாக மின்னோட்டம் சுற்றிவரும் வளையம்) உருவாகி, ஸ்பீக்கரில் ஹம் எனப்படும் முனகல் கேட்கும். பிறகு வேறு ஸ்விட்ச் வாங்கி, பிளாஸ்டிக் கனெக்டர் கொண்ட உறையில்லாத கேபிளால் இணைக்கும்போது ஹம் போய்விடுகிறது. பாராட்டு முழுவதும் புதிய ஸ்விட்சுக்குப் போகிறது. ஸ்விட்சை மாற்றியதும் பின்னணி அமைதியானது என்று சொல்பவர்கள் எல்லோரும் கற்பனையில் பேசுவதாக நான் நினைக்கவில்லை. மாற்றத்தின் காரணத்தைத்தான் சிலர் தவறான இடத்தில் வைக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இந்த இரைச்சல் இருக்கிறதா என்பதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. நன்கு பழகிய, மெல்லிய பகுதிகள் உள்ள ஒரு பாடலை ஒலிக்க விடுங்கள். ஸ்ட்ரீமரின் வைஃபையை முன்னதாகவே அணைத்துவிடுங்கள், இல்லையேல் கேபிளைக் கழற்றியதும் அது சத்தமில்லாமல் வைஃபைக்குத் தாவிவிடும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ரீமரின் பின்னாலிருந்து ஈதர்நெட் கேபிளை உருவிவிடுங்கள். பாட்டு நிற்காது, பஃபரில் சேர்த்துவைத்த தரவு தீரும்வரை ஓடும். சில கருவிகளில் அது ஐந்தாறு நொடி, சிலவற்றில் பாடல் முழுவதும். அந்த நேரத்தில் ஸ்விட்ச், அதன் கிளாக், அதன் அடாப்டர், கேபிள், ரௌட்டர் எதுவுமே உங்கள் இசைக் கருவிகளோடு இணைந்திருக்கவில்லை. உலகின் எந்த ஸ்விட்சும் தரக்கூடிய அதிகபட்சத் தூய்மை, ஸ்விட்சே இல்லாத அந்த நிலைதான். கேபிளை உருவியபோது ஒலி மாறவில்லை என்றால், ஸ்விட்சை மாற்றினாலும் மாறப் போவதில்லை. எப்போது உருவப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாமலிருப்பது முக்கியம். வீட்டில் ஒருவரைக் கருவியின் பின்னால் நிறுத்தி, அவர் விரும்பும் நேரத்தில் உருவச் சொல்லிவிட்டு, மாற்றம் தெரிந்ததாகத் தோன்றும் கணத்தை நீங்கள் கையை உயர்த்திக் காட்டுங்கள். பாட்டே இல்லாமலும் இதைச் செய்யலாம்: வால்யூமை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டி, ட்வீட்டருக்கு (ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் சிறு பகுதி) அருகில் காதை வைத்து, கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் சீறலோ முனகலோ மாறுகிறதா என்று கேளுங்கள். காதை எடுத்து, வால்யூமைக் குறைத்த பிறகுதான் மறுபடி பாட்டைத் தொடங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கையில் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினியில் பதிவு செய்ய உதவும் கருவி) இருப்பவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். ஒரே பாடலின் டிஏசி வெளியீட்டை ஒவ்வொரு ஸ்விட்சையும் வைத்துப் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மிச்சத்தைக் கேட்கலாம்; டெல்டாவேவ் என்ற இலவச மென்பொருள், பதிவுகளுக்கிடையே கிளாக் நழுவியிருந்தாலும் அதைச் சரிசெய்து கழித்துத் தரும். ஆனால் முதலில் ஒரே ஸ்விட்சை வைத்து இருமுறை பதிவு செய்து அவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். அந்த அடிப்படை மிச்சம் தெரியாமல், ஸ்விட்ச் மாறியபோது கிடைத்த மிச்சத்தை மட்டும் காட்டி வாதாடுவதில் பொருளில்லை.

அப்படியானால் மூன்று ஸ்விட்சுகளுக்கும் இடையே வேறுபாடே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அது ஒலியில் இல்லை, நடத்தையில் இருக்கிறது. கேட்டலிஸ்ட் 2960 நன்றாக உழைக்கும் பொருள். அதன் எட்டு போர்ட் மாதிரிகளில் விசிறி கிடையாது. 24, 48 போர்ட் மாதிரிகளில் பலவற்றில் உண்டு, அவற்றை இசை கேட்கும் அறையில் வைக்கவே கூடாது. ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை ஃபிரேம்கள் பழுதாக வந்தன என்ற எண்ணிக்கையை அது காட்டும் என்பதால், சுவருக்குள் போன கேபிள் சரியாக இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் தொழிற்சாலை அமைப்பிலேயே வைத்திருந்தால், ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் தடுக்கும் வசதி) காரணமாக, கேபிளைச் செருகி ஏறத்தாழ 30 நொடி வரை அந்தப் போர்ட் தரவை அனுப்பாது. கருவி பழுது என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுபவர்கள் அந்த 30 நொடியை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கிவைக்கிறார்கள். போர்ட்ஃபாஸ்ட் என்ற அமைப்பை இயக்கினால் இது தீரும்.

இதைவிடத் தலைவலி தருவது ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங். கைப்பேசிச் செயலி உங்கள் ஸ்ட்ரீமரைக் கண்டுபிடிப்பது மல்ட்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பப்படும்) செய்திகள் வழியாகத்தான். யூ.பி.என்.பி. (வீட்டு நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் முறை) கருவிகள் 239.255.255.250 என்ற முகவரியில் தங்களை அறிவித்துக்கொள்கின்றன. நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்சுகள் இந்தச் செய்திகளை யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் அனுப்பப் பார்க்கும்; ஸ்னூப்பிங் என்பது இதுதான். யார் கேட்கிறார்கள் என்பதை அவ்வப்போது விசாரிக்க நெட்வொர்க்கில் ஒரு குவெரியர் இருக்க வேண்டும். கேட்டலிஸ்டில் ஸ்னூப்பிங் இயல்பாகவே இயங்கும், குவெரியர் இயங்காது. விளைவாக, இயக்கியவுடன் செயலியில் தெரியும் ஸ்ட்ரீமர் நான்கைந்து நிமிடம் கழித்துக் காணாமல் போகும். ஸ்ட்ரீமரை அணைத்துப் போட்டால் மறுபடி தெரியும், மறுபடி மறையும். ஸ்ட்ரீமர் தயாரிப்பாளரைத் திட்டுவதற்கு முன்னால், ஸ்விட்சில் குவெரியரை இயக்குங்கள் அல்லது ஸ்னூப்பிங்கை அணையுங்கள். எந்த அமைப்பும் இல்லாத சாதாரண ஸ்விட்சில் இந்தச் சிக்கல் பொதுவாக எழுவதில்லை என்பதால், வீட்டுக்கு அதுவே பெரும்பாலும் நிம்மதியான தேர்வு.

ஸ்விட்சின் தரம் ஒலியோடு நேரடியாகத் தொடர்புபடும் இடம் ஒன்றும் உண்டு. அது வீடு அல்ல, அரங்கமும் ஒலிப்பதிவுக் கூடமும். சிட்னியைச் சேர்ந்த ஆடினேட் நிறுவனத்தின் டான்டே, 2013-இல் வெளியான ஏ.இ.எஸ். 67 ஆகிய, நெட்வொர்க் வழியாக ஒலியை அனுப்பும் தொழில்முறை முறைகளில் கிளாக்கே நெட்வொர்க் வழியாகத்தான் எல்லாக் கருவிகளுக்கும் போகிறது; காத்திருப்பு நேரமும் ஒரு மில்லிநொடி அளவில்தான் இருக்கும். அங்கே ஈதர்நெட்டின் மின்சேமிப்பு வசதியை அணைத்தாக வேண்டும். கிளாக் பாக்கெட்டுகளுக்கு முதல் முன்னுரிமையும், ஒலிப் பாக்கெட்டுகளுக்கு அடுத்த முன்னுரிமையும் அமைக்க வேண்டும். இவ்வளவு கண்டிப்பான இடத்திலும் கோருவது சரியான அமைப்பைத்தான். அங்கே ஓடுவது நெட்வொர்க் நிறுவனங்களின் வழக்கமான ஸ்விட்சுகள். உங்களுக்கு விற்கப் பார்க்கும் வகைப் பெட்டிகள் அல்ல.

கேபிளை உருவும் சோதனையில் உண்மையிலேயே இரைச்சல் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதலில் உறையிட்ட கேபிளை நீக்கிச் சாதாரண உறையில்லா கேட் 6 கேபிளைப் போடுங்கள். அடுத்து ஸ்விட்சின் அடாப்டரை அதே வோல்டேஜும் ஆம்பியரும் கொண்ட வேறொரு நல்ல அடாப்டராக மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபைபர். டிபி-லிங்க் எம்.சி. 220 எல் போன்ற இரண்டு மீடியா கன்வெர்ட்டர்கள் (செம்பு இணைப்பைக் கண்ணாடி இழைக்கு மாற்றும் பெட்டிகள்), இரண்டு எஸ்.எஃப்.பி. மாட்யூல்கள், ஒரு கண்ணாடி இழை ஆகியவற்றுக்கு ஆகும் மொத்தச் செலவு, ஆடியோ ஸ்விட்ச் ஒன்றின் விலையில் சிறு பகுதிதான். கண்ணாடியில் கசிவு மின்னோட்டம் ஓடாது. உயர் அதிர்வெண் இரைச்சலும் ஓடாது. மழைக்காலத்தில் இடி விழுந்தால் செம்பு வழியாக வரும் அதிர்ச்சியும் அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஸ்ட்ரீமர் பக்கத்துக் கன்வெர்ட்டருக்கும் ஓர் அடாப்டர் வேண்டும், அதிலிருந்து ஸ்ட்ரீமருக்கு ஒரு செம்புத் துண்டும் வேண்டும். மட்டமான அடாப்டரைச் செருகினால், பழைய இரைச்சலை வெளியே தள்ளிய இடத்தில் புதியதைக் குடிவைத்தது போலாகும்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது இதுதான். உலோகப் பெட்டியும் விசிறியில்லாத அமைப்பும் கொண்ட ஐந்து அல்லது எட்டு போர்ட் சாதாரண கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வாங்குங்கள். அதை ஆடியோ அடுக்கில் வைக்காமல், சற்றுத் தள்ளி வேறு பிளக்கில் இணையுங்கள். கேட்டலிஸ்ட் ஏற்கெனவே கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், மேலே சொன்ன இரண்டு அமைப்புகளையும் சரிசெய்த பிறகு. ஈதர்ரீஜென் வகையை வாங்கியே தீருவது என்றால், திருப்பித் தரும் வசதி உள்ள கடையில் வாங்கி, அந்தக் காலம் முடிவதற்குள் கேபிளை உருவிப் பாருங்கள். கேபிளை உருவிய பிறகும் ஸ்பீக்கரில் முனகல் அப்படியே இருந்தால் நெட்வொர்க்கை விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரோடு டிவியும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைந்திருந்தால், டிவியின் பின்னால் அல்லது செட்-டாப் பாக்ஸில் இருக்கும் டிஷ் அல்லது கேபிள் டிவி வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். இத்தகைய முனகலுக்கு அந்த வயரின் உறை மிக வழக்கமான காரணம், கேபிள் டிவி வயராக இருந்தால் அதற்கென்று விற்கும் கால்வனிக் ஐசொலேட்டர் (மின் தொடர்பைப் பிரிக்கும் சிறு கருவி) ஒன்றைப் பொருத்தினால் போதும்.